ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு கிராஃபிக் டிசைன் படிக்கப் போகலாமா?

கணக்குப் பிரிவில் பல வருட அனுபவம், வயது முப்பதைத் தாண்டியாயிற்று, வரையவும் வராது, இந்த நிலையில் வேலையை விட்டு முழுநேரமாக டிசைன் படிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொள்முதல் பிரிவில் இருந்துவிட்டு டிசைன் படிக்கப் போனவள் நான். போகலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் சாஃப்ட்வேர் கற்றுக்கொள்வதற்காக மட்டும் வேலையை விடாதீர்கள்.

படங்களைத் திருத்தும் ஃபோட்டோஷாப், லோகோ மாதிரியான வடிவங்கள் வரையும் இல்லஸ்ட்ரேட்டர், பக்கம் அமைக்கும் இன்டிசைன் எல்லாமே வேலை முடிந்து வந்து சாயங்காலத்தில் பழகக்கூடியவை. காசு கொடுக்க மனமில்லையா, இங்க்ஸ்கேப், கிம்ப், ஸ்கிரைபஸ் இலவசம். வளைகோடு போடும் பென் டூல் கைக்கு வசப்படப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். திரைக்கு ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல ஒளி), அச்சுக்கு சிஎம்ஒய்கே (சயன், மஜென்டா, மஞ்சள், கருப்பு மை), அச்சுக்குப் போகும் படம் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), ஓரத்தில் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டும்போது வெள்ளை தெரியாமலிருக்க விடும் கூடுதல் ஓரம்) என்பதையெல்லாம் ஒரு வார இறுதியில் தெரிந்துகொண்டுவிடலாம்.

வீட்டில் தனியாக உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியாதது ஒன்று உண்டு. வகுப்பில் அதை கிரிட்டீக் என்பார்கள். எல்லோரும் தங்கள் வேலையைச் சுவரில் ஒட்டுவார்கள். மற்றவர்கள் நின்று பார்த்து, கண் முதலில் எங்கே போயிற்று, அப்புறம் எங்கே போயிற்று, எது கண்ணிலேயே படவில்லை என்று சொல்வார்கள். செய்தவர் வாயைத் திறக்கக் கூடாது. ஆபீஸிலிருந்து வருகிறவர்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம். அங்கே மேலதிகாரி "மாத்து" என்றால் மாற்றிவிடுவோம், கதை முடிந்தது. இங்கே யாரும் மாற்றச் சொல்வதில்லை. "தேதி எனக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது" என்று நம்மைவிடப் பத்து வயது சின்னப் பையன் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவான். அவன் கண்ணுக்கு அப்படித் தெரிந்தது என்றால் தெரிந்ததுதான், வாதாட இடமே இல்லை. ஏன் அப்படித் தெரிந்தது, அளவைக் கூட்டுவதா, சுற்றி இருப்பதைக் குறைப்பதா, இடத்தை மாற்றுவதா என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்களுக்குக் கொடுத்த பயிற்சிகளில் ஒன்று: ஒரே எழுத்துரு, ஒரே அளவு, ஒரே தடிமன், நிறம் கிடையாது. இதை வைத்து ஒரு நிகழ்ச்சி அறிவிப்பு செய்ய வேண்டும். பெரிதாக்கிக் காட்டும் வழி அடைபட்டுவிட்டதால், வெற்று இடத்தை வைத்தே எது முக்கியம் என்று சொல்லியாக வேண்டும். இதைச் செய்த பிறகு தெருவில் பார்க்கிற ஒவ்வொரு போர்டும் உறுத்த ஆரம்பித்துவிடும் (கூட வருகிறவர்கள் பாவம்). தமிழில் டிசைன் செய்யப் போகிறீர்கள் என்றால் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். மேலே விசிறி, கீழே சுழி என்று நம் எழுத்துகள் இரண்டு பக்கமும் நீள்வதால், ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளி நமக்குப் போதாது. இன்டிசைனில் இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோர்க்கும் வேர்ல்டு-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு இடம் மாறிப்போய் நிற்கவும் கூடும்.

வரையத் தெரியாதது ஒரு குறையே இல்லை. லண்டன் சுரங்க ரயிலின் புகழ்பெற்ற வரைபடத்தை 1931-இல் யோசித்துப் போட்ட ஹாரி பெக் ஓவியர் இல்லை, சிக்னல் பிரிவில் மின்சுற்றுப் படங்கள் வரைந்துகொண்டிருந்தவர். நிலையங்களுக்கு இடையில் உண்மையான தூரம் எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, படுக்கை, செங்குத்து, 45 பாகைக் கோடுகளை மட்டும் வைத்துக்கொண்டார். முதலில் நிராகரித்தார்கள். 1933-இல் அச்சிட்டதும் மக்கள் பிடித்துக்கொண்டார்கள். பயணிக்குத் தேவை எங்கே ஏறி, எங்கே மாறி, எங்கே இறங்குவது என்பதுதான் என்று அவருக்குப் புரிந்திருந்தது.

அந்தப் புரிதல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அட்டவணையில் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்று நேராக நிற்காவிட்டால் கணக்காளருக்கு எவ்வளவு எரிச்சல் வரும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லா எண்ணும் ஒரே அகலத்தில் வரும் டேபுலர் ஃபிகர்ஸ் பல எழுத்துருக்களில் இருக்கிறது என்று தெரிந்தாலே உங்கள் அறிக்கைகள் வேறு மாதிரி ஆகிவிடும். படிவம், பில், ஆண்டறிக்கை செய்ய ஆட்கள் குறைவு. லோகோ செய்யத்தான் எல்லோரும் அலைவார்கள்.

ஆபீஸே பிடிக்காமல் ஓடுகிறீர்கள் என்றால் ஒரு விஷயம்: டிசைன் வேலையும் பெரும்பாலும் ஆபீஸில்தான் நடக்கிறது. ஆரம்பத்தில் யாரோ செய்த பேனரைப் பல அளவுகளுக்கு மாற்றிக்கொண்டிருப்பீர்கள். சம்பளம் ஜூனியர் சம்பளம், மேலே இருப்பவர் உங்களைவிட இளையவராக இருக்கலாம். ஏஐ வந்துவிட்டதே என்ற பயமும் இருக்கும். அது நொடியில் கை நிறைய லோகோக்களைக் கொடுத்துவிடும். 16 பிக்சலில் சுருக்கினாலும் அதில் எது அடையாளம் தெரியும் என்று பார்த்து எடுக்க ஆள் வேண்டும், அந்தக் கண்ணைத்தான் கிரிட்டீக் வளர்க்கிறது. ஆகவே, பாடத்திட்டம் முழுக்க சாஃப்ட்வேர் பெயர்களாக இருக்கும் படிப்புக்காக வேலையை விட வேண்டாம். சேருவதற்கு முன் மாணவர்களின் கடைசி வருட வேலைகளைக் காட்டச் சொல்லுங்கள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

ராஜினாமா கடிதத்துக்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். உங்கள் ஆபீஸின் செலவுப் படிவத்தை எடுத்துப் புதிதாக வடிவமைத்து, தினமும் அதை நிரப்புகிற ஒருவரிடம் கொடுங்கள். விளக்கம் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பாருங்கள். திருத்தி, இன்னொருவரிடம் கொடுங்கள். மூன்றாவது திருத்தத்திலும் உங்களுக்கு அலுப்பு வரவில்லை என்றால் விண்ணப்பம் போடுங்கள். பழைய படிவம், புதியது, நடுவில் செய்த திருத்தங்கள் மூன்றையும் அப்படியே போர்ட்ஃபோலியோவில் (உங்கள் வேலைகளைக் காட்டும் தொகுப்பில்) சேர்த்துவிடுங்கள். ஆபீஸின் பெயரையும் எண்களையும் மட்டும் எடுத்துவிட்டு.