பிங்க் ஃப்ளாய்ட் இசையைப் பற்றி, மற்ற ரசிகர்கள் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள் என்று நீங்கள் நினைக்கும் கருத்து என்ன?

கேள்வியைப் பார்த்தாலே தெரிகிறது, எங்கேயோ எதையோ சொல்லி நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். 'தி வால்' ஆல்பம் போரடிக்கிறது என்றீர்களா? இல்லை, ஆரம்பத்தில் குழுவை நடத்திய சிட் பாரெட் காலத்துப் பாட்டு புரியவில்லை என்றீர்களா? எதுவானாலும் கவலை வேண்டாம். இங்கே உங்களைவிட அதிகமாக வாங்கியவன் ஒருவன் இருக்கிறேன்.

என் கருத்து இதுதான். டேவிட் கில்மோரின் கிட்டார் சோலோ என்று உலகமே கண்ணை மூடிக் கேட்கிறதே, அதில் பாதி கில்மோருடையது இல்லை. கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்டுடையது. அந்த இங்கிலாந்து ராக் குழுவில் பாஸ் வாசித்துப் பாட்டெழுதிய ரோஜர் வாட்டர்ஸ் பெரியவரா கில்மோர் பெரியவரா என்று நாற்பது வருடமாக நடக்கிற சண்டையில் இரண்டு கட்சியும் தப்பான ஆளுக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கின்றன.

முதலில் வரப்போகும் பின்னூட்டத்துக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், நான் கீபோர்டு வாசிப்பவன். அதனால்தான் இப்படிப் பேசுகிறேன் என்பீர்கள். இருக்கலாம். ஆனால் கிட்டார் வாசிப்பவர்கள் கில்மோரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும்போது 'நீ கிட்டார் வாசிப்பவன், அதனால்தான்' என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. இன்னொன்று, கில்மோரை எனக்குப் பிடிக்காது என்று எங்கும் சொல்லவில்லை. அவர் ஒரு நோட்டை, அதாவது ஒரு சுரத்தை, வளைத்து நிறுத்தினால் எனக்கும் சிலிர்க்கும். அந்த நோட்டு எதன் மேல் நிற்கிறது என்பதுதான் என் கேள்வி.

இந்த எண்ணம் எனக்குப் புத்தகம் படித்து வந்ததில்லை. ஒரு ஒயர் பிடுங்கிக்கொண்டதால் வந்தது.

சில வருடம் முன்பு நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து பிங்க் ஃப்ளாய்ட் பாடல்களை மட்டும் மேடையில் வாசித்துக்கொண்டிருந்தோம். பெரிய குழுவெல்லாம் இல்லை, வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் வாசிக்கிறவர்கள். அன்றைக்கு 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்'. அந்தப் பாட்டு எப்படி ஆரம்பிக்கும் என்று தெரியும்தானே? ஜி மைனர் கார்டு ஒன்று (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்), வேறெதுவும் நடக்காமல், விடியற்காலை வெளிச்சம் மாதிரி மெல்லப் பரவும். 1975 ஆல்பத்தில் அந்தத் தொடக்கத்துக்குள் ஒயின் கிளாஸ் விளிம்பில் விரலைத் தேய்த்து எடுத்த ஒலியும் கலந்திருக்கிறது. வீட்டுச் சாமான்களை மட்டும் வைத்து ஒரு ஆல்பம் செய்யலாம் என்று ஆரம்பித்துக் கைவிட்டார்கள். அதில் மிஞ்சியது அது. இந்தப் பரப்பின் மேல்தான் கிட்டார் வந்து இறங்கும்.

என் கீபோர்டின் சத்தம் காலடியில் இருக்கும் வால்யூம் பெடல் வழியாகத்தான் வெளியே போகும். கிட்டார் நண்பன் வந்து இரண்டு மூன்று வரி வாசித்திருப்பான். நான் காலைக் கொஞ்சம் நகர்த்தினேன். பெடலில் செருகியிருந்த ஒயர் என் செருப்பில் மாட்டி உருவிக்கொண்டு வந்துவிட்டது.

கை கீபோர்டு கட்டையில் அழுத்தியபடியே இருக்கிறது, சத்தம் இல்லை. இருட்டு. ஒரு கையைக் கட்டையிலேயே வைத்துக்கொண்டு குனிந்து தரையைத் தடவுகிறேன். டேப்பு தட்டுப்படுகிறது, யாரோ வைத்த தண்ணீர் பாட்டில் தட்டுப்படுகிறது, ஒயர் மட்டும் தட்டுப்படவில்லை. ஒருவழியாகக் கண்டுபிடித்துச் செருகுவதற்குள் அந்த நாலு நோட்டு, பாட்டின் முகவரி மாதிரி வருமே, அந்த இடமே வந்துவிட்டது. ஒரு நிமிடத்துக்கு மேல் மேடையில் கிட்டார் மட்டும்தான்.

மானம் போயிற்று என்று நினைத்தேன். நடந்தது வேறு. நிகழ்ச்சி முடிந்ததும் ஒருவர் வந்து எங்கள் கிட்டார் நண்பன் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். "அந்த எடத்துல எல்லாத்தையும் நிறுத்திட்டு நீங்க ஒத்த ஆளா வாசிச்சீங்க பாருங்க, அது வேற லெவல் சார்." பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். "நீங்க லைட்டிங்கா?" என்றார்.

லைட்டிங்கா! இரண்டு மணி நேரம் இரண்டு கீபோர்டுக்கு நடுவில் நின்றவனை!

அந்த வகையில் என் வாதத்துக்கு நானே எதிர்ச்சாட்சி. கீபோர்டு நின்றுபோனது ஒருவருக்கும் தெரியவில்லை. அப்படியானால் தேவையே இல்லை என்றுதானே அர்த்தம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் சில வாரம் அப்படி நினைத்துச் சுருண்டுதான் கிடந்தேன். பிறகு ஒருநாள், போனில் யாரோ எடுத்திருந்த பதிவை ஹெட்போன் போட்டுக் கேட்டேன். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது.

என் சத்தம் இருந்தவரைக்கும் நண்பன் ஒரு நோட்டை இழுத்து வளைத்துவிட்டு அப்படியே விடுகிறான். காத்திருக்கிறான். அடுத்தது வர அவசரமே இல்லை. ஒயர் பிடுங்கிய இடத்துக்குப் பிறகு கேட்டால், அதே ஆள், அதே விரல், ஆனால் இடைவெளியே இல்லை. முன்பு இரண்டு நோட்டு இருந்த இடத்தில் எட்டு நோட்டு. விட்ட இடமெல்லாம் அடைக்கிறான். அவனிடமே போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் கேட்டுவிட்டு, "பயமா இருந்துச்சு மச்சான். கீழ தரையே இல்லாத மாதிரி" என்றான்.

கில்மோரின் பெருமையே அவர் வாசிக்காமல் விடும் இடம்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரி. அந்த விட்ட இடத்தில் ஒலித்துக்கொண்டிருப்பது யார்? மௌனமா? இல்லை சார், ரைட்டின் ஆர்கன்.

ஆல்பங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1971-இல் வந்த 'எக்கோஸ்' 23 நிமிடப் பாட்டு, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க அதுதான். அதற்கு முன்னால் குழுவிடம் இருந்தது ஒன்றோடொன்று ஒட்டாத துண்டுதுணுக்குகள். அவர்களே அதற்கு 'ஒன்றுமில்லை, பகுதி 1 முதல் 24 வரை' என்று பொருள்படும்படி பெயர் வைத்திருந்தார்கள். அந்தக் குவியலிலிருந்து தேறியது ரைட்டின் பியானோவில் ஒரே ஒரு உச்ச நோட்டு. சுழலும் ஸ்பீக்கர் வழியாக அனுப்பியதும் கடலுக்கடியிலிருந்து வருவது போல் டிங் என்றது. மொத்தப் பாட்டும் அந்த டிங்கிலிருந்துதான் கிளம்புகிறது. பாடுவதிலும் கில்மோரோடு குரல் சேர்ப்பது ரைட்தான்.

1973-இன் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' பற்றி என்ன சொல்ல? 'அஸ் அண்ட் தெம்' பாட்டின் மெட்டு, இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் ஒரு படத்துக்காக ரைட் போட்டு, வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டது. 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' பாட்டில் பாடகி கிளேர் டோரியின் குரலைப் பற்றிப் பேசாதவர் இல்லை, பேசவேண்டியதுதான். அன்றைக்கு அவருக்குக் கிடைத்த கூலி 30 பவுண்டு, பாட்டில் பங்கு உண்டு என்று பெயர் சேர 2005 வரை ஆயிற்று. ஆனால் அவர் அழுது தீர்த்தது ரைட்டின் பியானோவில் சாய்ந்துகொண்டுதான். 'ப்ரீத்' பாட்டில் ஒரு கார்டு சட்டென்று வேறு வீட்டுக்குள் நுழைந்தது போல் திரும்பும். அதை ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பம் கேட்டுப் பிடித்ததாக ரைட்டே சொல்லியிருக்கிறார்.

1977-இன் 'அனிமல்ஸ்' ஆல்பத்தில் 'ஷீப்' தொடங்கும் இடத்தை ஒருமுறை தனியாகக் கேளுங்கள். எலெக்ட்ரிக் பியானோ மட்டும், ஆடு மேய்கிற மாதிரி நிதானமாக. அதற்குப் பிறகு வரும் இரைச்சல் பயமுறுத்துவதே அந்த நிதானத்தால்தான். பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் ரைட் பெயர் கிடையாது. அந்த ஆல்பம் முழுக்கவே கிடையாது.

இப்போது வம்பான பகுதி. 'தி வால்' எனக்குக் கதையாகப் பிடிக்கும், இசையாகப் பாதிதான் பிடிக்கும். ஏறக்குறைய எண்பது நிமிடத்தில் 26 பாட்டு. ஒவ்வொன்றும் கதையை நகர்த்திவிட்டு ஓடவேண்டிய கட்டாயத்தில் இருக்கிறது. மூச்சு விட இடமில்லை. 1979-இல் அந்த ஆல்பம் உருவாகும்போதுதான் ரைட்டைக் குழுவிலிருந்து வெளியேற்றினார்கள் என்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை. பிறகு 1980, 81 மேடை நிகழ்ச்சிகளுக்குச் சம்பளத்துக்கு வாசிக்க வந்தார். அந்த நிகழ்ச்சிகள் நஷ்டத்தில் முடிந்தன. நஷ்டம் மற்ற மூவருக்கு. கூலிக்கு வந்த ரைட் மட்டும் காசு பார்த்தார். இந்தக் கதையில் நான் வாய்விட்டுச் சிரித்த ஒரே இடம் அது.

"அப்ப 'கம்ஃபர்டப்ளி நம்ப்'?" என்று கேட்கத் துடிப்பது தெரிகிறது. ஒத்துக்கொள்கிறேன். அது அந்த ஆல்பத்தில்தான் இருக்கிறது, அதை விஞ்ச ஆளில்லை. ஆனால் அதிலும் கில்மோரைத் தனியாகவா விட்டார்கள்? மைக்கேல் கேமன் அமைத்த பெரிய வாத்தியக்குழு இருக்கிறது. தாங்க வேறு ஆளும் வந்தார், தாங்குவது நிற்கவில்லை.

என் கட்சிக்காரர்களும் என்னைத் திட்டலாம், ஏனென்றால் 2014-இல் வந்த 'தி எண்ட்லெஸ் ரிவர்' எனக்குப் பிடிக்கவில்லை. 'டிவிஷன் பெல்' ஆல்பத்தின் காலத்தில் ரைட் வாசித்து மிச்சமிருந்த பதிவுகளை எடுத்து, அவர் 2008-இல் இறந்த பிறகு அவருக்காகச் செய்த ஆல்பம். ரைட் பைத்தியமான எனக்கு அது பிரசாதம் மாதிரி இருந்திருக்க வேண்டும். மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் நடுவில் வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன். தரை அழகாக இருக்கிறது. மேலே நடந்துபோக ஆளைக் காணோம். இருவரில் ஒருவர் போதும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லையே.

இதைக் கில்மோருக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. ரைட் இல்லாமல் 'எக்கோஸ்' வாசிப்பது சரியாக இருக்காது என்று அவரே சொல்லிவிட்டார். 2006-இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் இருவரும் சேர்ந்து வாசித்த பதிவு இருக்கிறது, அந்த ஆல்பம் வெளிவந்தது ரைட் இறந்த அடுத்த வாரம். கடைசியில் கிட்டாரும் கீபோர்டும் ஒன்றையொன்று பார்த்துப் பேசிக்கொள்ளும். ரசிகர்கள்தான் இன்னும் கட்சி பிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாமல் போக மனம் வரவில்லை. போனில் பாட்டுக் கேட்கும் ஒரு செயலி, 'டார்க் சைட்' ஆல்பத்தின் கடைசியில் 'பிரெய்ன் டேமேஜ்' முடிந்து 'எக்லிப்ஸ்' தொடங்கும் இடத்தில் அரை நொடி வெட்டு விடுகிறது. ஒரே மூச்சாக ஓடவேண்டிய இடம் அது! ஒருமுறை அங்கே விளம்பரமே வந்தது. ஒரு ஆல்பம் முழுக்கச் சேர்த்துத் தைத்தவர்கள் இதைக் கேட்டால் என்ன ஆவார்கள்? புகார் எழுதினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. வெட்டு அப்படியே இருக்கிறது.

நண்பன் இப்போது ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் தன் கிட்டாரைச் சுதி சேர்ப்பதற்கு முன்பே என் பக்கம் வந்து குனிந்து, பெடல் ஒயரை டேப் போட்டுத் தரையோடு ஒட்டிவிட்டுப் போகிறான். போஸ்டரில் இன்னமும் அவன் படம் மட்டும்தான்.