மிஞ்சிய கிரில் சிக்கனும் திங்கட்கிழமை பார்சலும்

கேள்வி: நாங்கள் நாலு பேர். இருவரும் வேலைக்குப் போகிறோம். சனிக்கிழமை ராத்திரி இரண்டு முழு கிரில் சிக்கன் வாங்குவோம், 900 ரூபாய். முக்கால் கோழி எப்போதும் மிஞ்சும். ஃபிரிட்ஜில் வைத்து, செவ்வாய்க்கிழமை குப்பையில் போடுகிறேன். திங்கள் இரவு அலுப்பில் 380 ரூபாய்க்கு ஆர்டர் செய்துவிடுவோம். "வாரம் 340 ரூபாய் குப்பைக்குப் போகுது, கிரில்லையே நிறுத்து" என்கிறார் வீட்டுக்காரர். மாதம் ஆயிரம் ரூபாய் ஆர்.டி. கட்டக்கூட முடியவில்லை. நிறுத்திவிடலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: நிறுத்த வேண்டாம். உங்கள் வீட்டுக்காரர் கணக்கில் பெருக்கல் சரி, பிடித்த இடம்தான் தப்பு. அந்த 340 ரூபாய் சனிக்கிழமையே கடைக்காரர் கல்லாவுக்குப் போய்விட்டது. மிச்சத்தை ஒட்ட வழித்துச் சாப்பிட்டாலும் அது திரும்பி வராது. மிஞ்சிய கறி இன்னொரு செலவைத் தடுத்தால்தான் கையில் பணம் நிற்கும். உங்கள் வீட்டில் அந்தச் செலவு திங்கள் இரவு 380.

இப்போது வாரத்துக்கு 900-ம் 380-ம் சேர்த்து 1,280 ரூபாய். ஒன்றரைக் கோழி மட்டும் வாங்கினால் (அரைக் கோழி 240 என்று வைத்துக்கொள்வோம்) 690 ஆகும். திங்கள் ஆர்டர் தொடர்ந்தால் 1,070; மிச்சம் 210. இரண்டு கோழியும் வாங்கி, திங்களன்று மிஞ்சியதோடு 90 ரூபாய் சாமான் சேர்த்து வீட்டிலேயே முடித்தால் 990; மிச்சம் 290. ஒன்றரைக் கோழியும் வாங்கி, திங்களன்று 80 ரூபாயில் தோசையும் முட்டைப் பொடிமாஸும் செய்தால் 770-தான். தாளில் இதுதான் முதலிடம். ஆனால் அலுத்து வருகிற இரவில் ஆர்டரைத் தடுப்பது டப்பாவில் தயாராக இருக்கும் கறிதான். மூன்று வாரத்தில் கைவிடும் 510-ஐவிட, ஆண்டு முழுக்க நிற்கும் 290 மேல். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

அது நடக்க சனிக்கிழமை இரவு பத்து நிமிடம் வேலை இருக்கிறது. பார்சலைப் பிரித்ததும், யாரும் கை வைக்கும் முன்பே முக்கால் கோழியை எடுத்து வைத்துவிடுங்கள். தட்டில் மிஞ்சியதை டப்பாவில் போடுவது வேறு, முதலிலேயே ஒதுக்குவது வேறு. சூடு இருக்கும்போதே சதையைப் பிய்த்தால் எலும்பிலிருந்து சுலபமாக வரும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். கிட்டத்தட்ட 300 கிராம் தேறும். அகலமான எவர்சில்வர் டப்பாவில் இரண்டு அங்குலத்துக்கு மேல் குவியாமல் பரப்பி, வாங்கி இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஈரோட்டு வெயில் காலத்தில் ஒரு மணி நேரம்தான் கெடு. ராத்திரி முழுக்க மேடையில் கிடந்த கறியைக் காலையில் "நன்றாகச் சுட வைத்துவிட்டேன்" என்று சாப்பிடாதீர்கள். சில கிருமிகள் விட்டுவைக்கும் நஞ்சு கொதித்தாலும் போகாது. நாலு டிகிரிக்குள் வைத்த கறி மூன்று நாள் தாங்கும், திங்கள் இரவுக்குத் தாராளம். கூட வந்த மயோனைஸ் பொட்டலத்தை அன்றே எறிந்துவிடுங்கள். பச்சை முட்டை மயோனைஸைத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது சும்மா இல்லை.

திங்களன்று: இரண்டு கரண்டி எண்ணெயில் சோம்பு தாளித்து, மூன்று வெங்காயம், ஒரு கரண்டி இஞ்சி பூண்டு விழுது, ஒரு தக்காளி, ஒரு கரண்டி மிளகுத்தூள் போட்டு வதக்குங்கள். அரை டம்ளர் தண்ணீர் விட்டுக் கொதித்த பிறகுதான் கறி. மூடி வைத்து நாலே நிமிடம், நடுத்துண்டிலும் ஆவி பறக்க வேண்டும். ஏற்கெனவே வெந்த கறியை முதலிலேயே போட்டு வதக்கினால் இருக்கிற ஈரமும் வெளியேறி நெஞ்சுக்கறி நார் நாராகிவிடும். பிள்ளைகள் "பழசு" என்று ஒதுக்குவது பெரும்பாலும் இதனால்தான். கடை மசாலாவில் உப்பு தூக்கலாக இருக்கும், எனவே வழக்கத்தில் பாதி உப்பு. கடைசியில் மூன்று முட்டை உடைத்து ஊற்றிக் கிளறினால் பத்து சப்பாத்திக்குக் காணும். சூடு பண்ணியதை அன்றே முடித்துவிடுங்கள், மறுபடி ஃபிரிட்ஜுக்குப் போகக் கூடாது.

பலர் கோட்டை விடுவது இங்கேதான்: மிஞ்சிய கறியைப் "பட்டர் சிக்கன்" ஆக்குகிறேன் என்று வெண்ணெய், கிரீம், முந்திரி, குடைமிளகாய் என 240 ரூபாய்க்கு வாங்குவது. உங்கள் 290 அப்போது 140 ஆகிவிடும். திங்கள் சாமானுக்கு 90 ரூபாய்தான் எல்லை.

வாரம் 290 என்றால் நாலு வாரத்துக்கு 1,160. அஞ்சலக ஆர்.டி.யில் மாதம் 1,000 போட்டு, வட்டி 6.7 சதவீதம் என்றால், ஐந்து ஆண்டில் 71,366 ரூபாய். இடையில் எடுக்க வேண்டி வரும் என்று தோன்றினால் வங்கியில் ஓராண்டு ஆர்.டி. போடுங்கள். எதுவானாலும் சம்பளம் வந்த மறுநாளே பணம் கழியும்படி தேதி வையுங்கள். மாசக் கடைசியில் மிஞ்சியதைப் போடலாம் என்று விட்டால், அந்தப் பணம் இன்னொரு பார்சலாக வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.