வீட்டுப் பரணில் ஒரு பழைய ராணுவப் பதக்கம் கிடைத்தது. அது யாருடையது என்று கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். அதற்கு முன்னால் ஒரு வேண்டுகோள்: புளியோ விபூதியோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டிய விடை ராஜா தலை இருக்கும் பக்கத்தில் இல்லை, பதக்கத்தின் விளிம்பில் இருக்கிறது. தேய்க்கத் தேய்க்க அந்த எழுத்துதான் முதலில் மழுங்கும்.

வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து விளிம்பை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்ற வரிசையில் சின்ன ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும். நட்சத்திர வடிவம் என்றால் பின்பக்கம் பாருங்கள். இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களை பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலேயே கொடுத்தார்கள். இந்தியப் படையினருக்குப் பொறித்துக் கொடுத்தார்கள். நமக்கு அது பெரிய உதவி.

பன்னிரண்டு வருடமாகப் பதக்கங்கள் சேகரிக்கிறேன். நான் முதலில் வாங்கியது முதல் உலகப் போரின் வெள்ளிப் பதக்கம், பிரிட்டிஷ் வார் மெடல். ஒரு நாணயக் கண்காட்சியில் வெள்ளி எடைக்கே கிடைத்தது. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ், மறுபக்கம் குதிரைமேல் ஆடையில்லாத வீரன், கீழே ஒரு மண்டையோடு. ரிப்பன் கோக்கும் தண்டை அறுத்துவிட்டு நகைக்கடை வளையம் ஒன்றைப் பற்றவைத்திருந்தார்கள். உடம்பில் உரசி உரசிக் குதிரையின் கழுத்து வழவழப்பாகியிருந்தது. யாரோ ஒரு குழந்தை கழுத்தில் போட்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

விளிம்பில் நான்கு இலக்க எண், 'சிப்பாய்', ஒரு தமிழ்ப் பெயர், '61 பயோனியர்ஸ்'. பெயரை இங்கே சொல்லவில்லை, அவர் குடும்பம் எங்காவது இருக்கும். பயோனியர்ஸ் என்றால் துப்பாக்கியோடு கடப்பாரையும் மண்வெட்டியும் தூக்கிய படை. சாலை போடுவார்கள், பதுங்குகுழி வெட்டுவார்கள், சண்டையும் போடுவார்கள். சென்னை மாகாணத்தைச் சேர்ந்த இந்த 61-ஆம் படை, 1914 நவம்பரில் ஜெர்மானியர் வசமிருந்த கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் இறங்கியது. அங்கே மொத்தமாக இறங்கிய சுமார் 8,000 பேரை, அதில் எட்டில் ஒரு பங்கே இருந்த ஜெர்மானியத் தளபதி லெட்டோ-ஃபோர்பெக்கின் படை தோற்கடித்தது. நடுவில் காட்டுத் தேனீக்கள் வேறு கலைந்து இரு தரப்பையும் கொட்டின. படைகளின் போர் நாட்குறிப்புகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, பலவற்றை இணையத்திலேயே பார்க்கலாம். ஆனால் அவற்றில் வெள்ளைக்கார அதிகாரிகளின் பெயர்தான் நிறைய வரும். சிப்பாய்கள் எண்ணிக்கையாகவே வருவார்கள்.

என்னுடைய சிப்பாய் டாங்காவில் இறங்கியவரா, பிறகு போய்ச் சேர்ந்தவரா என்று இந்தப் பதக்கம் மட்டும் சொல்லாது. அவருடைய 1914-15 ஸ்டார் என்ற நட்சத்திரப் பதக்கம் கிடைத்தால் ஓரளவு சொல்லும், ஏனென்றால் 1915 முடிவதற்குள் போர்முனைக்குப் போனவர்களுக்கே அதைக் கொடுத்தார்கள். எங்கே போனதோ! அதனால்தான் ஒருவரின் பதக்கங்களை ஒருபோதும் பிரிக்காதீர்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் கெஞ்சுகிறேன். வெள்ளியை மட்டும் உருக்கக் கொடுத்துவிட்டு வெண்கலத்தைக் குப்பையில் போட்ட வீடுகளை நேரில் பார்த்திருக்கிறேன்.

வெள்ளியில் வர வேண்டிய இதே பதக்கம் உங்களிடம் வெண்கலத்தில் இருந்தால் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். தொழிலாளர் படைகளில் மூட்டை தூக்கியவர்களுக்கும் பாதை வெட்டியவர்களுக்கும் அதை வெண்கலத்தில்தான் கொடுத்தார்கள், மொத்தம் சுமார் 1,10,000. ஒரே போர், ஒரே ராஜா, உலோகம் மட்டும் வேறு. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். சந்தேகம் இருந்தால் வெர்னியர் காலிப்பரால் நாலு இடத்தில் குறுக்களவு பாருங்கள். 36 மில்லிமீட்டருக்கு ஒட்டி எல்லா இடத்திலும் ஒரே அளவு இருக்க வேண்டும். எங்காவது குறைந்தால் பழைய பெயரை அரத்தால் ராவிவிட்டு வேறு பெயர் அடித்திருக்கலாம்.

அடுத்தது, போரில் இறந்தவர்களின் பட்டியல் உள்ள காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். நம் ஆட்களுக்குப் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான், அதுவும் வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி எழுதியது. எழுத்தை நம்பாமல் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். என்னுடையவரின் எண் அதில் இல்லை என்று உறுதியான அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். அநேகமாக மனுஷன் உயிரோடு ஊர் திரும்பியிருக்கிறார்! பற்றவைத்த அந்த வளையத்தை நான் எடுக்கவே இல்லை.

விற்க யாராவது கேட்டால் அவசரப்படாதீர்கள். நூறு வருடம் தாண்டியதை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டம் தனியாரை அனுமதிப்பதில்லை.

என்னிடம் பதக்கம் இருக்கிறது, குடும்பம் இல்லை. உங்களிடம் இரண்டும் இருக்கின்றன. அதே பரணில், அதே தகரப் பெட்டியில் டிஸ்சார்ஜ் சான்றிதழோ பென்ஷன் காகிதமோ கிடக்கிறதா என்று பாருங்கள். விளிம்பில் ஊர் பெயர் இருக்காது, அந்தக் காகிதத்தில் இருக்க வாய்ப்புண்டு. வீட்டில் வயதான பாட்டி யாராவது இருந்தால், பதக்கத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.