டீஜே கொன்ட்ரோலருக்கு ஆர்கேட் பட்டன்: வெட்டாமலே செய்யலாம்

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன். வார இறுதியில் கலியாணம், பிறந்தநாள் விழாக்களுக்கு டீஜே செய்கிறேன். என் சிறிய கொன்ட்ரோலரின் ரப்பர் பட்டன்கள் சில நேரம் அழுத்தினாலும் வேலை செய்வதில்லை. அவற்றைக் கழற்றிவிட்டு, கேம் மெஷினில் இருப்பது போன்ற லைட் எரியும் ஆர்கேட் பட்டன்களைப் பொருத்தலாமா?

பதில்: ஆர்கேட் பட்டன் நல்ல யோசனை, தம்பி. ஆனால் இருக்கிற கொன்ட்ரோலரில் கத்தி வைக்காதீர்கள். சன்வா போன்ற பட்டன்கள் 24 அல்லது 30 மில்லிமீட்டர் துளைக்கு வருபவை. மேலே தெரிவதைவிட உள்ளே போகிற பகுதிதான் அதிகம். சிறிய கொன்ட்ரோலரின் ரப்பருக்குக் கீழே உடனே சர்க்கிட் பலகை வந்துவிடும், பட்டனுக்கு இடமே இருக்காது. அதைவிட, சனிக்கிழமை கலியாணத்துக்குப் போகவேண்டிய பொருளை வியாழக்கிழமை திறந்து வைத்துக்கொண்டு உட்காருவது பெரிய ஆபத்து. 8 பட்டனோடு தனியாக ஒரு சின்னப் பெட்டி செய்து கொன்ட்ரோலருக்குப் பக்கத்தில் வையுங்கள். டீஜே மென்பொருள் இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்றுக்கொள்ளும்.

பெட்டியின் மூளைக்கு ஆர்டுயினோ லியோனார்டோ அல்லது புரோ மைக்ரோ வாங்குங்கள், இவை நாமே புரோகிராம் போடக்கூடிய சின்ன சர்க்கிட் பலகைகள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கத்து எலெக்ட்ரோனிக்ஸ் கடைகளில் விசாரியுங்கள். ஆர்டுயினோவின் இன்னொரு வகையான ஊனோ மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். முதல் இரண்டிலும் உள்ள 32யூ4 சிப், யூஎஸ்பியில் நேரடியாக மிடி (இசைக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழி) கருவியாகவே லாப்டொப்புக்குத் தெரியும், டிரைவர் எதுவும் போடத் தேவையில்லை. புரோ மைக்ரோவில் 18 பின் (வயர் கொடுக்கும் முனை) இருக்கிறது. 8 பட்டனுக்கு 8, 8 லைட்டுக்கு 8, இரண்டு மிச்சம். பட்டனின் ஒரு காலைப் பின்னிலும் மற்றக் காலைக் கிரவுண்டிலும் கொடுத்து, புரோகிராமில் உள் புல்-அப்பை (அழுத்தாதபோது பின்னை 5 வோல்ட்டில் பிடித்து வைக்கும், சிப்புக்குள்ளேயே உள்ள ரெசிஸ்டர்) இயக்கினால் போதும்.

லைட் உள்ள பட்டன் வாங்கும்போது 5 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று கட்டாயம் கேளுங்கள். கடைகளில் கிடைப்பவற்றில் பல 12 வோல்ட். அதை யூஎஸ்பியின் 5 வோல்ட்டில் கொடுத்தால் மங்கலாக எரியும், அல்லது எரியவே எரியாது. வெறும் எல்இடி என்றால் ஒவ்வொன்றுக்கும் 220 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். சிவப்பு எல்இடி ஏறக்குறைய 2 வோல்ட் எடுக்கும், மிச்சம் 3 வோல்ட்டுக்கு 14 மில்லிஆம்பியர் அளவு ஓடும். எட்டும் சேர்ந்து எரிந்தாலும் சிப்பின் மொத்த வரம்பான 200 மில்லிஆம்பியரைத் தாண்டாது. நிறம் மாறும் டபிள்யூஎஸ்2812 லைட்டில் ஆசை இருந்தால் கணக்கு வேறு. முழு வெள்ளையில் ஒன்றே 60 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். பட்டனுக்கு இரண்டாக 16 போட்டால் கிட்டத்தட்ட 1 ஆம்பியர், சாதாரண யூஎஸ்பி 2 துளையோ 500 மில்லிஆம்பியர்தான் தரும். பிரகாசத்தைப் புரோகிராமிலேயே கால்வாசிக்குக் குறைத்துவிடுங்கள். இருட்டு மண்டபத்தில் அதுவே கண்ணைக் கூசும்.

இனி நான் முக்கியமாக நினைப்பது. பட்டனை அழுத்தியதும் லைட் எரிகிற மாதிரி நேரே வயர் கொடுத்துவிடாதீர்கள். விரல் பட்டது உங்களுக்கே தெரியும், அதைச் சொல்ல லைட் எதற்கு? அந்த இடத்தில் கியூ (பாட்டில் குறித்து வைத்த இடம்) பதிந்திருக்கிறதா, லூப் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு) ஓடுகிறதா என்பதைத்தான் அது காட்டவேண்டும். அது மென்பொருளுக்குத்தான் தெரியும். ஆகவே பட்டன் மிடி நோட்டை (ஒரு சின்ன மிடி செய்தி) அனுப்பட்டும், மென்பொருள் திருப்பி அனுப்பும் நோட்டைப் பார்த்து ஆர்டுயினோ லைட்டை ஏற்றட்டும். டிராக்டர் என்ற டீஜே மென்பொருளிலும், இலவசமாகக் கிடைக்கும் மிக்ஸ்ஸிலும் இதற்கு வழி இருக்கிறது. அப்படிச் செய்தால் பாட்டு மாறும்போது லைட்டும் தானாக மாறும், லாப்டொப் திரையையே பார்த்துக்கொண்டு நிற்காமல் ஆடுகிறவர்களைப் பார்க்கலாம்.

ஒரு அழுத்தல் இரண்டாகப் பதிவாகிறதா? சுவிட்சின் உலோகம் சில மில்லிசெக்கன்ட் துள்ளும். முதல் தொடுகையை உடனே அனுப்பிவிட்டு, அடுத்த 5 முதல் 10 மில்லிசெக்கன்டுக்குள் வருவதைப் புறக்கணிக்கச் சொல்லுங்கள். காத்திருந்து உறுதி செய்தபிறகு அனுப்பினால் தாளம் பிந்தும்.

மேல்தட்டுக்கு 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் போதும். கையால் துளைத்தால் வெடிக்கும், பெயர்ப்பலகை செய்யும் கடையில் லேசரில் வெட்டுங்கள். முதலில் ஒரு துண்டில் ஒரே ஒரு துளை போட்டு பட்டன் இறுக்கமாக உட்காருகிறதா என்று பாருங்கள். பட்டன் காலில் நேரடியாக ஈயம் வைக்காதீர்கள், சூட்டில் பிளாஸ்டிக் இளகிவிடும். கவ்விப் பிடிக்கும் கனெக்டர் போடுங்கள், சன்வாவுக்கு 2.8 மில்லிமீட்டர் அளவு. பட்டன் பழுதானாலும் உருவி மாற்றலாம்.

அப்புறம், புரோ மைக்ரோவின் யூஎஸ்பி துளை கேபிளை இழுத்தால் பலகையோடு பிய்ந்து வரும். பெட்டிச் சுவரில் தனி யூஎஸ்பி சொக்கட் ஒன்றைத் திருகாணியால் பூட்டி, அங்கிருந்து உள்ளே குட்டிக் கேபிள் கொடுங்கள். யாராவது வயரில் காலைத் தடக்கினாலும் பலகைக்கு ஒன்றும் ஆகாது.