பாலியல் வன்முறைத் தடுப்பு: சுற்றியிருப்போர் செய்ய வேண்டியவை குறித்த கேள்வி-பதில்

பாலியல் வன்முறை என்றதும் 'பெண்கள் தங்களை எப்படிக் காத்துக்கொள்வது?' என்றே பெரும்பாலும் கேட்கிறோம். இம்முறை வந்த கேள்விகள் பலவற்றில், சுற்றியிருப்பவர்கள் என்ன செய்யலாம் என்ற அக்கறை தெரிந்தது. அவற்றையே முதன்மையாக எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் ஆண்டுதோறும் நவம்பர் 25 அன்று விழிப்புணர்வு ஊர்வலம் நடத்துகிறோம். இதனால் வன்முறை குறையுமா?

டொமினிக்கன் குடியரசில் சர்வாதிகார ஆட்சியை எதிர்த்ததற்காக 1960ஆம் ஆண்டு அதே நாளில் கொல்லப்பட்ட மிராபால் சகோதரிகள் மூவரின் நினைவைத் தாங்கிய நாள் அது. பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிப்பதற்கான நாளாக ஐ.நா. பொதுச் சபை அதை 1999இல் அறிவித்தது. உங்கள் ஊர்வலத்தைச் சன்னலோரம் நின்று பார்க்கும் ஒருவர், தமக்கு நேர்ந்ததை யாரிடமும் சொல்லாமல் இருப்பவராக இருக்கலாம். நம் பக்கம் நிற்பவர்களும் இங்கே இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிவதே பெரிய காரியம்தான். ஆனால் ஒரே ஒரு நாள் நிகழ்ச்சியோ ஒரு மணி நேரச் சொற்பொழிவோ மனிதர்களின் நடத்தையை மாற்றிவிடுவதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன.

மாற்றம் எப்படி வருகிறது என்பதற்கு உகாண்டாவின் தலைநகரான கம்பாலாவில் நடந்த 'சாசா' திட்டம் நல்ல சான்று. வெளியிலிருந்து பேச்சாளர்களை அழைத்து வராமல், அந்தந்தப் பகுதியில் வாழும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி அளித்து, அவர்கள் தம் அண்டை வீட்டாரோடும் உடன் உழைப்பவர்களோடும் சில ஆண்டுகள் தொடர்ந்து பேசும்படி செய்தார்கள். வீட்டுக்குள் யாருக்கு அதிகாரம் இருக்கிறது, அதை அவர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதே பேச்சின் மையம். திட்டம் நடந்த பகுதிகளில் பெண்கள் தம் துணைவரிடம் அனுபவித்த உடல் வன்முறை, நடக்காத பகுதிகளைவிட 52 சதவீதம் குறைவாக இருந்ததாக 2014இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு தெரிவித்தது. துணைவரேயானாலும் உடலுறவுக்கு மறுப்புச் சொல்லப் பெண்ணுக்கு உரிமை உண்டு என்பதை ஏற்றுக்கொண்டவர்களும் அங்கே கூடுதலாக இருந்தார்கள். ஆகவே ஊர்வலத்தை நிறுத்த வேண்டாம். அதில் நடந்தவர்களில் சிலரையாவது ஆண்டு முழுவதும் கூடிப் பேசும் குழுவாக மாற்றுங்கள்.

கேள்வி: உடன் பணிபுரியும் பெண் ஒருவர் தமக்கு நேர்ந்த வன்கொடுமையை என்னிடம் சொன்னபோது, 'ஏன் கத்தவில்லை?' என்று கேட்டுவிட்டேன். அதன் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. நான் என்ன செய்வது?

முதலில் அவரிடம் நேரடியாகச் சொல்லுங்கள்: 'நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னதை நம்புகிறேன். இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.' அதற்கு மேல் விளக்கம் தர வேண்டாம். அவர் பேச விரும்பினால் கேளுங்கள், விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள்.

கத்தவோ தள்ளவோ முடியாமல் உடல் உறைந்துபோவது, பேரச்சத்தின்போது தானாக நிகழும் எதிர்வினை. அதைச் சம்மதம் என்று கொள்வது பெரும் அநீதி. ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்குப் பின் அவசரச் சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. அவர்களில் 70 சதவீதத்தினர் தாக்குதலின்போது குறிப்பிடத்தக்க அளவு உடல் உறைந்துபோனதாகத் தெரிவித்தார்கள். இதை அவரும் அறிந்திருந்தால், தம்மைத் தாமே குற்றம் சாட்டிக்கொள்வது சற்றேனும் குறையக்கூடும்.

இத்தகைய செய்தி உடனடியாக உங்களிடம் வந்தால் நேரம் முக்கியம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையை ஐந்து நாட்கள் வரை கொடுக்கலாம் என்றாலும், எவ்வளவு முன்னதாக எடுக்கிறாரோ அவ்வளவு நல்லது. அணிந்திருந்த ஆடையைத் துவைக்காமல், நெகிழிப் பையில் அல்லாமல் காகிதப் பையில் வைக்கச் சொல்லுங்கள். நெகிழிப் பைக்குள் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். குளித்துவிட்டாலும் துவைத்துவிட்டாலும்கூட மருத்துவரைப் பார்ப்பதில் பயன் உண்டு. புகார் கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு அவருடையது. ஒருமுறை அவருடைய விருப்பம் மிதிபட்டிருக்கிறது. உதவி செய்கிறோம் என்ற பெயரில் நாமும் அதையே செய்துவிடக் கூடாது.

கேள்வி: கல்லூரிப் பெண்களுக்குத் தற்காப்புப் பயிற்சி கொடுத்தால் போதாதா?

பயன் உண்டு, ஆனால் எந்தப் பயிற்சி என்பதைப் பொறுத்தது. கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. பயிற்சி பெற்றவர்களில் ஓராண்டுக்குள் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் 5.2 சதவீதம், துண்டறிக்கைகள் மட்டும் பெற்றவர்களில் 9.8 சதவீதம். அந்தப் பயிற்சி வெறும் அடிதடி அன்று. தெரிந்தவரும் பழகியவருமே எல்லை மீறும்போது அதை முன்னதாக அடையாளம் காண்பதும், 'நல்லவராயிற்றே' என்ற தயக்கத்தை உதறி எதிர்ப்பதும் அதில் பெரும்பகுதி.

இருட்டில் பாயும் அந்நியனை மட்டுமே மனத்தில் வைத்து நடத்தும் பயிற்சி, ஆபத்து பெரும்பாலும் இருக்கும் இடத்தைத் தவறவிட்டுவிடுகிறது. இன்னொன்று: பயிற்சி பெற்றும் ஒருவர் பாதிக்கப்பட்டால், பழி தாக்கியவரையே சேரும். தாக்காமல் இருக்கும் பொறுப்பை ஆண்களிடம் பேசாத கல்லூரி, பாதி வேலையைக்கூடச் செய்ததாக ஆகாது.

கேள்வி: நடந்ததை வெளியே விடாமல், பெரியவர்கள் கூடிப் பேசி முடித்துவிடலாம் என்கிறார்கள். குடும்ப மானம் காக்கப்படும் அல்லவா?

கூடாது. அப்படி முடித்துவைக்கும்போது காப்பாற்றப்படுபவர் குற்றம் செய்தவர்தான். அவர் அதே தெருவில் நடமாட, பாதிக்கப்பட்டவர் வீட்டுக்குள் முடங்குகிறார். அடுத்து ஆளாகப்போகும் பெண்ணையோ குழந்தையையோ எச்சரிக்கவும் யாரும் இருப்பதில்லை.

கேள்வி: என் ஆண் நண்பர்கள் பெண்களைப் பற்றிக் கேவலமாகப் பேசுகிறார்கள். பொது இடத்தில் சீண்டலையும் பார்த்திருக்கிறேன். சண்டைக்குப் போகும் துணிவு எனக்கில்லை.

சண்டை தேவையே இல்லை. சீண்டப்படுபவரிடம் போய் மணி என்ன, இந்தப் பாதை எங்கே போகிறது என்று ஏதாவது கேட்டுப் பேச்சுக்கொடுங்கள். அவருக்கும் சீண்டுபவருக்கும் நடுவே நீங்கள் நின்றாலே பல நேரம் விலகிவிடுவார்கள். தனியாக முடியாது என்றால் அருகில் இருப்பவரையோ பொறுப்பிலுள்ளவரையோ அழையுங்கள். அதுவும் இயலாமல் போனால், பிறகாவது அவரிடம் சென்று 'நான் பார்த்தேன், துணைக்கு வரட்டுமா?' என்று கேளுங்கள்.

நண்பர்கள் விஷயத்தில் உங்கள் மௌனத்தை அவர்கள் ஒப்புதலாகவே எடுத்துக்கொள்வார்கள். சிரிக்காமல், 'எனக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை' என்று ஒரே வரியில் சொல்லுங்கள். அதே சங்கடத்தோடு வாய்மூடி இருக்கும் இன்னொருவரும் அந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் இருப்பார். நீங்கள் பேசிய பிறகே அவருக்கும் துணிவு வரும்.

கேள்வி: குழந்தைகளுக்கு எந்த வயதிலிருந்து சொல்லித்தரலாம்?

பேசத் தொடங்கும் வயதிலிருந்தே. உடலுறுப்புகளுக்குரிய சரியான பெயர்களைக் கற்றுக்கொடுங்கள். உறவினரேயானாலும் பிடிக்காத முத்தத்துக்கு வற்புறுத்தாதீர்கள். தொடுவதைப் பற்றி எவரும் இரகசியம் காக்கச் சொல்லக் கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஆனால் காக்கும் பொறுப்பு குழந்தையுடையது அன்று. உங்கள் பிள்ளை போகும் பள்ளியிலும் விளையாட்டுப் பயிற்சியிலும், பெரியவர் ஒருவர் மூடிய அறையில் குழந்தையோடு தனித்திருக்கக் கூடாது என்ற விதி இருக்கிறதா, புகார் வந்தால் யார் விசாரிப்பார்கள் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். தெளிவான பதில் வரவில்லையென்றால் மற்றப் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு எழுத்து மூலமாகக் கேளுங்கள்.