சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கலாமா?

மின்சார ஸ்கூட்டர், சோலார் பேட்டரி பற்றி மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு, பேட்டரி பழுதுபார்ப்பவர் ஒருவரின் பதில்கள்.

செல்லூர்: ஐயா, நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம். ஸ்கூட்டரை மாடிப்படிக்கு அடியில் நிறுத்தி இரவு முழுவதும் சார்ஜ் போடுகிறோம். ஆபத்தா?

ஆமாம் அம்மா. ஆபத்து அந்த இடத்தில்தான். பேட்டரிக்குள் இருக்கும் சிறு மின்கலங்களில், அதாவது லித்தியம் செல்களில், ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆகிச் சூடேறினால், அந்தச் சூடே அடுத்தடுத்த வேதிவினைகளைத் தூண்டிவிடும். பக்கத்துச் செல்களும் பற்றிக்கொள்ளும். அப்போது வெளியேறும் புகையில் ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் புளூரைடு எல்லாம் இருக்கும். மாடிப்படி புகைபோக்கிபோல அதை மேலே இழுக்கும். நீங்கள் இறங்கி ஓட இருப்பதும் அதே வழிதான். இன்றைக்கே வண்டியை வெளியே மாற்றுங்கள். எல்லோரும் விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் போடுங்கள்.

திருமங்கலம்: அக்னி நட்சத்திர வெயிலில் வந்தவுடன் சார்ஜ் போடலாமா?

கூடாது. பெரும்பாலான லித்தியம் செல்களைச் சார்ஜ் செய்ய உச்சவரம்பு 45 டிகிரி. முதலில் நிழலில் நன்றாக ஆறட்டும்.

சிம்மக்கல்: பழைய பேட்டரியில் செல் மட்டும் மாற்றிப் பாதி விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?

தம்பி, இப்படிச் செய்த பேட்டரிகளைத் திறந்து பார்த்தவன் சொல்கிறேன், வேண்டாம். புதுச் செல்லும் நைந்த செல்லும் ஒரே வரிசையில் இருக்கும். ஸ்பாட் வெல்டிங் செய்ய வேண்டிய நிக்கல் பட்டையைச் சாலிடர் வைத்து ஒட்டியிருப்பார்கள். அந்தச் சூட்டிலேயே செல்லின் உள்தடுப்பு கெடலாம். பேட்டரியிலிருந்து அடிக்கடி மின்சாரம் நின்றுபோகிறது என்று, செல்களைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். பலகையைத் தாண்டி நேராகக் கம்பி கொடுத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆபத்து வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்க இருந்த முக்கியக் காவலை அப்புறப்படுத்துவது அது. 2022-இல் பல ஊர்களில் ஸ்கூட்டர்கள் எரிந்த பிறகுதான் மின்சார வண்டிகளின் பேட்டரியைச் சோதிக்கும் ஏ.ஐ.எஸ். 156 பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கினார்கள். பேட்டரியைப் பிரித்து மாற்றிவிட்டால் அந்தச் சோதனையால் உங்களுக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை.

மேலூர்: சோலாருக்கு இரும்பு பாஸ்பேட் பேட்டரி வைத்தால் தீப்பிடிக்கவே பிடிக்காதாமே?

பாதி உண்மை. இதுவும் லித்தியம் பேட்டரிதான்; நிக்கல் கலந்த லித்தியம் வகையைவிட அதிகச் சூடு தாங்கும், நானும் அதைத்தான் பரிந்துரைக்கிறேன். ஆனால் உள்ளே அயனிகளைக் கடத்தும் திரவம், அதாவது எலக்ட்ரோலைட், எரியக்கூடியது. 2021 ஏப்ரலில் பெய்ஜிங்கில் வெடித்த மின்சேமிப்பு நிலையத்தில் இருந்தவை இந்த வகைப் பேட்டரிகள்தான். இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். மூடிய அறைக்குள் சேரும் வாயுவுக்கு நான் தீயைவிட அதிகம் பயப்படுகிறேன். படுக்கையறையிலோ சாமி அறையிலோ வைக்காதீர்கள், காற்றோட்டமான வெளிச்சுவரில் பொருத்தச் சொல்லுங்கள்.

உசிலம்பட்டி: சோடியம் பேட்டரி தண்ணீர் பட்டால் வெடிக்குமா?

பள்ளிக்கூடத்தில் பார்த்த சோடியத் துண்டு வேறு. இதில் சோடியம் அயனியாக இருக்கிறது. ஆனாலும் பெரும்பாலான வகைகளில் எலக்ட்ரோலைட் எரியக்கூடியதே; லித்தியத்துக்குச் சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

வில்லாபுரம்: தீப்பிடித்துவிட்டால் மண்ணைக் கொட்டலாமா?

மண் சூட்டைத் தணிக்காது. எல்லோரையும் வெளியேற்றுங்கள், கதவைச் சாத்துங்கள், 101-ஐ அழையுங்கள். லித்தியம் பேட்டரி என்று சொல்லுங்கள், வீரர்கள் நிறையத் தண்ணீர் அடித்துக் குளிரவைப்பார்கள். அணைந்த பேட்டரி பல மணி நேரம் கழித்தும், சில நாள் கழித்தும்கூட மறுபடி பற்றலாம். அதை வீட்டுக்குள் எடுத்து வராதீர்கள்.