கடன் தீர்ந்த பின் கார்டை மூடலாமா?

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, கோத்தகிரிக்கு அருகிலுள்ள கிராமத்தில் வசிக்கிறேன். ஒன்றரை ஏக்கர் தேயிலையும் என் கணவர் ஓட்டும் சுற்றுலா வேனும்தான் எங்கள் பிழைப்பு. 2020 ஊரடங்கில் வேன் ஓடாமல் நின்ற மாதங்களில், என் பெயரில் இருந்த மூன்று கிரெடிட் கார்டுகளை வைத்தே குடும்பம் நடந்தது. முதலாவது, நான் தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருந்தபோது 2014-இல் சம்பளக் கணக்கோடு கிடைத்தது. வரம்பு 60,000 ரூபாய், ஆண்டுக் கட்டணம் கிடையாது. இரண்டாவது 2018-இல் வாங்கியது. வரம்பு 1,20,000 ரூபாய், ஆண்டுக் கட்டணம் 999 ரூபாய். மூன்றாவது ஒரு கடையில் பொருள் வாங்கும்போது கொடுத்தது. அதில் 38,000 ரூபாய் நிலுவை இருந்தபோது, 22,000 கட்டினால் போதும், கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்று 2022-இல் தொலைபேசியில் சொன்னார்கள், கட்டிவிட்டேன். மற்ற இரண்டையும் சீட்டுப் பணத்தைக் கொண்டு சென்ற மாதம் முழுவதுமாக அடைத்துவிட்டேன். மூன்றையும் மூடிவிட்டு நிம்மதியாக இருக்க விரும்புகிறேன். மூடினால் சிபில் மதிப்பெண் (கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவோமா என்று வங்கிகள் பார்க்கும் எண்) இறங்கிவிடும், அடுத்த ஜூனில் மகளுக்குக் கல்விக் கடன் கிடைக்காது என்று கணவர் தடுக்கிறார். இரண்டாவது கார்டு கொடுத்த வங்கியில் கேட்டால், மூடுவதற்குக் கோவைக்கு நேரில் வரச் சொல்கிறார்கள். நான் என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோத்தகிரி

பதில்: சகோதரி, கிரெடிட் கார்டு நிலுவைக்கு மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம்; அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும்போது ஏறக்குறைய 50 சதவீதம் ஆகிவிடுகிறது. இலை வரத்தும் சீசனும் மாறி மாறி ஏமாற்றும் ஒரு வருமானத்தை வைத்துக்கொண்டு அப்படிப்பட்ட கடனிலிருந்து நீங்கள் வெளியே வந்திருக்கிறீர்கள். கார்டுகளைக் கண்டாலே மனம் பதறுவது இயல்புதான். அந்தப் பதற்றத்தையும் உங்கள் கணவரின் கவலையையும் ஒருசேர மதித்தே இதை எழுதுகிறேன்.

நீங்கள் கடைசியாகச் சொன்ன மூன்றாவது கார்டைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கல்விக் கடனுக்கு இடையூறு வருமானால் அது அங்கிருந்துதான் வரும். நிலுவையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து வாங்கிக்கொண்ட கணக்கை வங்கிகள் உங்கள் கடன் அறிக்கையில் ‘மூடப்பட்டது’ என்று பதிவு செய்வதில்லை. ‘செட்டில்டு’ என்றே பதிவு செய்கின்றன. கடன் கொடுக்கப்போகும் இன்னொரு வங்கியின் கண்ணுக்கு, அந்த ஒரு சொல், ‘இவர் முழுத் தொகையையும் திருப்பித் தரவில்லை’ என்று தெரியும். ஆகவே மூன்றாவது கார்டு நீங்கள் மூட வேண்டிய கார்டே அல்ல, பெரும்பாலும் அது 2022-இலேயே முடக்கப்பட்டிருக்கும். உங்கள் கையில் இருப்பது வெறும் அட்டைத் துண்டு. திருத்த வேண்டியது அதன் பதிவைத்தான்.

நம் கடன் வரலாற்றைத் தொகுத்து வைக்கும் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், க்ரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழுக் கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. அவற்றின் இணையதளங்களிலிருந்து நான்கையும் எடுத்து, மூன்று கார்டுகளுக்கும் எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நான் எதிர்பார்ப்பது போல மூன்றாவதற்கு ‘செட்டில்டு’ என்று இருந்தால், தள்ளுபடியான 16,000 ரூபாயையும் கட்ட நீங்கள் தயாராக இருப்பதாக அந்தக் கார்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொகையைப் பெற்றுக்கொண்டு நிலுவையின்மைச் சான்று தருவோம், பதிவையும் ‘மூடப்பட்டது’ என்று மாற்றுவோம் என்று அவர்கள் எழுத்தில் உறுதி தந்த பிறகே பணத்தைக் கட்ட வேண்டும், அதற்கு முன் ஒரு ரூபாயும் கட்டக் கூடாது. தொலைபேசிப் பேச்சை நம்பி ஒருமுறை கட்டியதன் விளைவைத்தான் இப்போது பார்க்கிறோம். தள்ளுபடியான பணத்தை மீண்டும் கட்டுவது மனத்துக்கு ஒப்பாது என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் பிணையில்லாத கல்விக் கடனில் பெற்றோரும் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திடுவதால், உங்கள் அறிக்கையைத்தான் வங்கி மேலாளர் முதலில் புரட்டுவார். 16,000 ரூபாயை அந்தக் கடனுக்கான செலவாகவே நான் எண்ணுவேன்.

இனி மற்ற இரண்டு கார்டுகள். உங்கள் கணவரின் அச்சத்தில் பாதி உண்மை இருக்கிறது. மொத்த வரம்பில் எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்ற விகிதம் மதிப்பெண்ணைப் பாதிக்கும்; அது 30 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவான கணக்கு. இப்போது உங்கள் இரண்டு கார்டுகளின் மொத்த வரம்பு 1,80,000 ரூபாய். மாதம் 30,000 ரூபாய்க்குக் கார்டில் வாங்கினால் விகிதம் 17 சதவீதத்துக்குள் அடங்கும். இரண்டாவது கார்டை மூடிவிட்டு அதே தொகைக்கு வாங்கினால் 50 சதவீதமாக ஏறிவிடும். ஆனால் நீங்கள் இனி அப்படி வாங்கப்போவதில்லையே. எரிவாயு சிலிண்டரும் கைபேசி ரீசார்ஜும் மட்டும் முதல் கார்டில் போகட்டும்; மாதம் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 60,000-க்கு அது 5 சதவீதம்தான். குறைவாகப் பயன்படுத்துகிறவருக்கு இந்த விகிதத்தைப் பற்றிய கவலை வேண்டியதில்லை.

கார்டை மூடினால் பழைய வரலாறு அழிந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள், உங்கள் கணவரும் அப்படித்தான் எண்ணுகிறார் போலும். அது சரியன்று. மூடிய கணக்கும், அதில் நீங்கள் ஒழுங்காகக் கட்டிய மாதங்களும், தவறிய மாதங்களும், பல ஆண்டுகள் அறிக்கையில் இருந்துகொண்டேதான் இருக்கும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து நான் சொல்வது இது: 2014-ஆம் ஆண்டுக் கார்டை வைத்துக்கொள்ளுங்கள். அது உங்களுடைய மிகப் பழைய கணக்கு, அதற்குக் கட்டணமும் இல்லை. இரண்டாவதை இப்போதே மூடிவிடுங்கள். கடன் வளர்ந்தது பெரும்பாலும் அந்தப் பெரிய வரம்பில்தான் இருக்க வேண்டும். உறைபனியில் இலை கருகும் டிசம்பரிலும் ஜனவரியிலும் கை வறண்டிருக்கும்போது, மேசை இழுப்பறையில் 1,20,000 ரூபாய் காத்திருக்கிறது என்ற நினைப்பு, எவ்வளவு உறுதியான மனத்தையும் அசைத்துவிடும். நீங்கள் பயன்படுத்தாவிட்டாலும் ஜி.எஸ்.டி.யோடு ஆண்டுக்கு 1,179 ரூபாய் கட்டணமும் போய்க்கொண்டே இருக்கும். மூடுவதால் மதிப்பெண் சற்று இறங்கினாலும் ஜூன் வரை மாதங்கள் இருக்கின்றன; முதல் கார்டின் பில்லை ஒவ்வொரு மாதமும் முழுத் தொகையாகக் கட்டி வந்தால் அது ஈடாகிவிடும். விண்ணப்பம் கொடுப்பதற்கு ஓரிரு வாரங்களே இருந்திருந்தால், கடன் கைக்கு வரும்வரை பொறுக்கச் சொல்லியிருப்பேன். முதல் கார்டும் அச்சம் தருமானால், அதன் வரம்பை 25,000 அல்லது 30,000 ரூபாயாகக் குறைக்கும்படி வங்கியைக் கேட்கலாம்.

கார்டைக் கத்தரியால் வெட்டி அடுப்பில் போட்டால் கணக்கு மூடப்பட்டதாகாது. நான் குன்னூரில் வங்கிப் பணியில் இருந்தபோது, அப்படி வெட்டிப் போட்டவர்கள் சிலர், கட்டாமல் சேர்ந்த ஆண்டுக் கட்டணத்துக்கும் அதன் அபராதத்துக்குமாகத் தவணை தவறியவர் என்ற பெயரைச் சுமந்து வந்து நின்றிருக்கிறார்கள். உங்களுக்கு இன்னொரு நுணுக்கமும் உண்டு: பில் தேதிக்கும் நீங்கள் பணம் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாள்களின் வட்டி அடுத்த பில்லில்தான் வரும். சென்ற மாதம் முழுவதும் அடைத்துவிட்டோம் என்று இருந்துவிடாமல், அடுத்த பில் வரும்வரை காத்திருந்து, நிலுவை பூஜ்யம் என்று பார்த்த பிறகு மூடச் சொல்லுங்கள். அதற்குள் சேர்ந்திருக்கும் வெகுமதிப் புள்ளிகளைப் பயன்படுத்திவிடுங்கள். அந்தக் கார்டிலிருந்து தானாகக் கழியும் சந்தாவோ காப்பீட்டுத் தவணையோ இருந்தால் வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். கணவர் பெயரில் கூடுதல் கார்டு வாங்கியிருந்தால் அதையும் விண்ணப்பத்தில் குறிப்பிடுங்கள்.

கோவைக்கு நீங்கள் போக வேண்டியதில்லை. மேட்டுப்பாளையம் இறங்கிப் பேருந்து மாறிப் போய் ஒரு நாள் கூலியை இழப்பதற்கு எந்த விதியும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, உதவி எண், மின்னஞ்சல், இணையதளம், கைபேசிச் செயலி போன்ற வழிகளில் மூடல் கோரிக்கையை வங்கி ஏற்க வேண்டும்; தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்றோ, தாமதமாகும் வேறு வழியில்தான் வர வேண்டும் என்றோ வற்புறுத்தக் கூடாது. நிலுவை இல்லாத கார்டை ஏழு வேலை நாள்களுக்குள் மூட வேண்டும். தவறினால், மூடும்வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் உங்களுக்குக் கொடுக்க வேண்டும். நீங்கள் கூடுதலாகக் கட்டியிருந்த பணம் ஏதும் இருந்தால் உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துவிட வேண்டும். ஆகவே தொலைபேசியில் பேசிக்கொண்டிராமல் மின்னஞ்சலில் கேளுங்கள், தேதியோடு ஒரு சான்று உங்கள் கையில் இருக்கும். முப்பது நாள்களில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்; அதற்கான தொலைபேசி எண் 14448.

மூடிவிட்டதாகக் கடிதம் வந்த பிறகு, இரண்டு மாதம் கழித்து அறிக்கையை மீண்டும் பாருங்கள். பதிவு மாறாமல் இருந்தால் திருத்தக் கோரி விண்ணப்பியுங்கள். முப்பது நாள்களுக்கு மேல் இழுத்தடித்தால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்கும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது.

கேள்வி: ஐயா, ஓராண்டாகப் பயன்படுத்தாத என் கிரெடிட் கார்டை மூடப்போவதாக வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது. நான் பதில் அனுப்ப வேண்டுமா?

– வாசகர், கூடலூர்

பதில்: ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத கார்டை, உங்களுக்குத் தெரிவித்துவிட்டு மூடும் நடவடிக்கையை வங்கி தொடங்க வேண்டும் என்பது மேலே சொன்ன அதே விதிகளில் உள்ளதுதான். முப்பது நாள்களுக்குள் நீங்கள் பதில் தராவிட்டால், நிலுவை ஏதும் இல்லாத நிலையில் கணக்கு மூடப்படும். கார்டு வேண்டாம் என்றால் பேசாமல் இருந்துவிடலாம். ஆனால் சிறு தொகையேனும் பாக்கி இருந்தால் கணக்கு மூடப்படாமல் அபராதம் ஏறும் என்பதால், கடைசி பில்லை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கார்டு வேண்டும் என்றால், அந்தக் குறுஞ்செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல், கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே அழைத்துச் சொல்லுங்கள். கார்டை மூடித் தருகிறோம் என்று யாராவது உங்களை அழைத்து ஓ.டி.பி. எண்ணைக் கேட்டால் சொல்லாமல் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.